ஒரே படம், ஆளுக்கொரு மார்க்: எதை நம்பி டிக்கெட் எடுப்பது?

பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ குடும்பத்தோடு தருமபுரி டவுனுக்கு வந்து படம் பார்த்தால் டிக்கெட்டோடு பஸ் காசும் ஒரு முழுப் பொழுதும் போகும். அதனால் கிளம்பும் முன் போனில் மார்க் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த மார்க் எதை எண்ணிச் சொல்கிறது என்று தெரியாமல் பார்த்தால் ஏமாற்றம்தான் மிச்சம்.

விமர்சகர்களின் கருத்தைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் (1998-இல் தொடங்கிய இணையதளம்) காட்டும் சதவீதத்தைப் படத்தின் தரம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து விமர்சகர்களில் எத்தனை பேர் ‘பார்க்கலாம்’ என்றார்கள், அவ்வளவுதான் அது. 60-ஐத் தொட்டால் சிவப்புத் தக்காளி, அதாவது ‘பார்க்கலாம்’ என்ற அடையாளம். பத்து பேரும் ஐந்துக்கு 3.5 கொடுத்த சுமாரான படம் 100 சதவீதம் வாங்கிவிடும். ஏழு பேர் ஐந்துக்கு ஐந்தும் மூன்று பேர் இரண்டும் கொடுத்த படத்துக்கு 70தான். சராசரி போட்டால் முதல் படம் 70, இரண்டாவது 82! எனக்கு அந்த இரண்டாவது படம்தான் வேண்டும்.

2001-இல் வந்த மெட்டாக்ரிடிக் என்ற தளம் அந்தச் சராசரியைத்தான் தருகிறது. முக்கியமான விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை உண்டு. யாருக்கு எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. ஆங்கிலப் படத்துக்கு என் ஓட்டு இதற்கே. குறைந்தது நான்கு விமர்சனமாவது சேர்ந்தால்தான் மார்க் போடுவார்கள் என்பதால், தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

ஆக, நமக்கு மிஞ்சுவது பார்வையாளர்களே மார்க் போடும் ஐஎம்டிபி தளம். 1990-இல் தொடங்கியது, 1998 முதல் அமேசான் கையில். கணக்கு வைத்திருக்கும் யாரும் 1 முதல் 10 வரை போடலாம். பலமும் அதுதான், வம்பும் அதுதான். பெரிய நடிகர் படம் வந்த அன்றைக்கு ரசிகர்கள் 10 குத்துவார்கள், எதிர் அணி 1 குத்தும். மார்க்கைத் தொட்டால் எந்த எண்ணுக்கு எத்தனை ஓட்டு என்று பட்டைகளாக விரியும். 10-உம் 1-உம் மட்டும் நீண்டு நடுவில் வற்றியிருந்தால் அந்தச் சராசரியை நம்பாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். 6, 7, 8 பட்டைகள் வளர்ந்திருந்தால் படம் பார்த்தவர்கள் ஓட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பார்க்கிற ஊர் அது. சின்ன கன்னடப் படத்துக்கு ஐஎம்டிபியில் ஓட்டே கொஞ்சம்தான் விழும். அங்கே நியூசிலாந்தில் பிறந்த லெட்டர்பாக்ஸ்ட் கைகொடுக்கும்; படம் பார்த்தவர்கள் நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதும் தளம் அது. நட்சத்திரத்தை விடுங்கள், கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒளிப்பதிவு, ஒலி, வசனம் என்று ஆசையாக எழுதுகிற ஆட்கள் அங்கே நிறைய.

தொடர்களுக்கு ஐஎம்டிபிதான், எபிசோடு வாரியாக மார்க் இருப்பதால் எங்கே தொய்கிறது என்று முன்கூட்டியே தெரியும். பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் அதே தளத்தில் ‘பேரன்ட்ஸ் கைடு’ பகுதியைத் திறந்து வன்முறை, ஆபாசம் எந்த அளவு என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.