விசிறி இல்லாத லேப்டாப்பும் நான்கு வருட ஒலிப்பதிவும்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நண்பனின் அப்பத்தா நன்றாகத் தாலாட்டு பாடுவார். 2021 தொடக்கத்தில் அதைப் பதிவுசெய்யப் போயிருந்தேன். அப்பத்தாவுக்கு மெல்லிசான குரல், மைக்கின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவு) நன்றாக ஏற்றினால்தான் பிடிபடும். ஏற்றினேன். ஹெட்ஃபோனில் பாட்டுக்குப் பின்னால் 'உய்ய்ங்' என்று ஓர் இரைச்சல். என் கேமிங் லேப்டாப்பின் விசிறிதான். கடைசியில் லேப்டாப்பைப் பக்கத்து அறையில் வைத்து, மைக் கேபிளை நிலைப்படி வழியாக இழுத்து, ஒவ்வொரு டேக்குக்கும் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். "என்னய்யா, எலி கிலி புடிக்கிறியா?" என்றார் அப்பத்தா.

அந்த லேப்டாப்பில் இன்னும் இரண்டு தொல்லைகள் இருந்தன. சார்ஜரைச் செருகி, இசைக் கீபோர்டையும் இணைத்தால் 'ம்ம்ம்' என்று ஹம் வரும். லேப்டாப், கீபோர்டு இரண்டும் கரண்டில் இருக்க, நடுவில் ஆடியோ கேபிளும் சேர்ந்துவிட்டால் கிரவுண்ட் லூப் (அர்த்திங் வழியாக ஒரு மின்சுற்று) உருவாகிவிடும். பழைய வீடுகளில் அர்த்திங் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு கேபிள் போட்டதும் ஓரளவு குறைந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் சுத்தமாக நின்றுவிடும். ஆனால் பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. மற்றொன்று, பதிவின் நடுவே அவ்வப்போது கேட்கும் 'டப்'. பல வாரம் மைக்கையும் கேபிளையும் சந்தேகப்பட்ட பிறகு லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தேன். வைஃபை டிரைவர் பிராசசரை இடையிடையே பிடித்து வைத்துக்கொள்வது தெரிந்தது. வைஃபையை அணைத்தேன், 'டப்' போய்விட்டது. விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்டர்ஃபேஸை (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) குறை சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

அந்த வருட நடுவில் ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர், 16 ஜிபி மெமரி உள்ளதை வாங்கினேன். வாங்க முக்கியக் காரணம், உள்ளே விசிறியே கிடையாது. அடுத்தது பேட்டரி. இன்டர்ஃபேஸாக ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2. அதற்கான மின்சாரம் யூஎஸ்பி வழியாகவே போய்விடும். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அதிலிருந்தே வரும். பதிவுசெய்யும் மென்பொருள் ரீப்பர். இவ்வளவையும் ஓட்டிக்கொண்டு அரை நாள் பதிவைச் சார்ஜர் இல்லாமல் முடித்துவிட முடிகிறது. சார்ஜரே செருகாததால் ஹம் தொல்லையும் ஒழிந்தது.

லேட்டன்சி, அதாவது ஒலி வந்து சேரும் தாமதம், பற்றிக் கொஞ்சம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டு) 128 சாம்பிள் வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்டு. உள்ளே போய் வெளியே வரும்போது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். பாடுபவருக்கு இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் இருக்கிறது. குரல் லேப்டாப்புக்குள் போய்வராமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். மிடி கீபோர்டில் தபலா சாம்பிள் (முன்பே பதிந்து வைத்த ஒலி) வாசிக்கும்போது சத்தம் லேப்டாப்பிலிருந்துதான் வர வேண்டும், அப்போதுதான் பஃபர் கையைக் கடிக்கும். நான் 64இல் வாசித்துவிட்டு, மிக்ஸிங்கின்போது 512க்கு ஏற்றிவிடுவேன்.

கடைக்காரர் யூஎஸ்பியைவிட வேகமான தண்டர்போல்ட் இணைப்புள்ள இன்டர்ஃபேஸ் வாங்கச் சொல்வார். இரண்டு சேனல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 2.3 மெகாபிட்தான். பழைய யூஎஸ்பி 2.0இன் கொள்ளளவு 480. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காசில் கூடுதல் மெமரி வாங்கலாம். இந்த மேக்புக்கில் மெமரியைப் பிறகு ஏற்றிக்கொள்ள வழியில்லை, வாங்கும் அன்றே முடிவெடுத்தாக வேண்டும். ஸ்டோரேஜ் அப்படியில்லை, சாம்பிள் லைப்ரரி எல்லாவற்றையும் வெளி எஸ்எஸ்டியில் வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

சரி, சிரமங்கள். போர்ட் இரண்டே இரண்டு, அவையும் இடப்பக்கமே. ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் ஒன்றை மலிவாக வாங்கி இன்டர்ஃபேஸை அதில் செருகினேன். மிருதங்கப் பதிவில் தனி ஆவர்த்தனம் சூடுபிடித்த நேரத்தில் இன்டர்ஃபேஸ் காணாமல் போய்விட்டது. வித்வான் பெரிய மனது பண்ணி மறுபடி வாசித்தார், ஆனால் முதல் தடவை விழுந்த அந்தக் கோர்வை திரும்ப வரவேயில்லை. அன்றிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரு போர்ட் தனியாக ஒதுக்கிவிட்டேன். எஸ்எஸ்டி, கீபோர்டெல்லாம் ஹப்பில்.

விசிறி இல்லாத எந்த லேப்டாப்பும் சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் மொட்டைமாடி அறையில் நாற்பது டிராக் மிக்ஸ் செய்பவர்கள் இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிட்டால் (எஃபெக்ட்டோடு சேர்த்து ஒலிக்கோப்பாக்கிவிட்டால்) பாரம் குறையும். அப்புறம், பதிவுக்கு முந்தின நாள் சிஸ்டம் அப்டேட் போடாதீர்கள். ஒரு தடவை போட்டுவிட்டு, எதிரொலி சேர்க்கும் என் ரிவெர்ப் பிளக்இன் திறக்காமல் இரவு முழுக்க விழித்திருந்தேன்.

சினிமாப் பின்னணி இசை மாதிரி நூறு டிராக் ஆர்க்கெஸ்ட்ரா செய்பவர்களுக்கு இது போதாது, விசிறியோடு பெரிய மெஷினாகப் பாருங்கள். என்னைப் போல ஊர் ஊராகப் போய் ஒரு குரலும் ஒரு வாத்தியமும் பதிவதற்கு, இன்றைக்குப் பழையது ஒன்று கிடைத்தாலும் வாங்குவேன்.

போன மாதம் அப்பத்தாவிடம் மறுபடி போயிருந்தேன். லேப்டாப்பை மடியிலேயே வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். ஹெட்ஃபோனில் இப்போது சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது. எழுந்து போய்க் கழற்றி, அடுப்படியில் அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வந்தேன். அப்பத்தா ஒன்றும் கேட்கவில்லை.