கிரானரியா, மவுண்ட் ஆபர்னா? பாஸ்டன் பக்கம் எந்தப் பழைய கல்லறைக்குப் போவது?

அரைநாள்தான் இருக்கிறது என்றால் பலரும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

வயது: கிரானரி 1660. மவுண்ட் ஆபர்ன் 1831. அமெரிக்காவின் முதல் தோட்டக் கல்லறை.

செலவு: இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

போக்குவரத்து: கிரானரி நகரின் நடுவில், பார்க் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து பொடிநடை. மவுண்ட் ஆபர்னுக்கு ஹார்வர்டு சதுக்கம் போய் பஸ் பிடிக்க வேண்டும்.

கற்கள்: நிஜமான வித்தியாசம் இங்கேதான். கிரானரியில் பெரும்பாலும் ஸ்லேட் (பலகைபோல் பிளக்கும் கருமையான கல்) பலகைகள். சிறகு முளைத்த மண்டையோடு, அதன் பல்வரிசைகூட பல கற்களில் இன்றும் துல்லியமாகத் தெரிகிறது. மவுண்ட் ஆபர்னில் பளிங்கு நிறைய. அமில மழையில் எழுத்து மழுங்கிப் போகிறது. ஆனால் கிரானரி கற்களை 19-ஆம் நூற்றாண்டில் நேர்வரிசையாக மாற்றி நட்டுவிட்டார்கள். கல்லில் பெயர் உள்ளவர் அதற்கடியில்தான் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. அழகுக்காகச் செய்த இந்த வேலை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உறங்குபவர்கள்: கிரானரியில் அமெரிக்க விடுதலைப் போரில் பெயர்பெற்ற சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரெவியர்; 1770 பாஸ்டன் படுகொலையில் பிரிட்டிஷ் படையினர் சுட்டு இறந்தவர்கள். மவுண்ட் ஆபர்னில் கவிஞர் லாங்ஃபெல்லோ, அடிமைத்தனத்திலிருந்து தப்பி தன் கதையை எழுதிய ஹேரியட் ஜேக்கப்ஸ். அவர் கல்லைத் தேடிப் போய்ப் பாருங்கள்.

சரி, விடுதலைப் போர் வரலாறும் சிற்பமும் வேண்டும், நேரம் குறைவு என்றால் கிரானரி. மரம், குளம், மே மாதப் பறவைகள் என்று நிதானமாக நடக்க மவுண்ட் ஆபர்ன். குழந்தைகளோடு போனாலும் அதுதான் வசதி.