கிரேஃபிஷ் ஸ்டார்ட்டர் செட்: பெட்டிக்குள் எது உருப்படி?

பத்து லிட்டர் தொட்டி, உள்ளே ஒட்டி வைக்கும் குட்டி ஃபில்டர், ஒரு பை வண்ணச் சரளை, ஒரு குகை பொம்மை, ஒரு டப்பா தீனி. கிரேஃபிஷ் என்பது இறால்போல ஓடும் கொடுக்கும் உள்ள நன்னீர்ப் பிராணி. குழந்தைகளுக்கென்று விற்கும் கிரேஃபிஷ் செட்டில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். செட்டாக வாங்காதீர்கள், தனித்தனியாக வாங்குங்கள் என்பதே இந்த விமர்சனத்தின் தீர்ப்பு. குறை கிரேஃபிஷிடம் இல்லை. வீட்டில் வளர்க்க அது தோதான பிராணிதான். பகலில் பதுங்கும், விளக்கணைந்ததும் உலாவக் கிளம்பும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டுகள், சில சமயம் ஐந்து ஆண்டுகள்கூட இருக்கும்.

முதல் கோளாறு தொட்டியின் அளவு. கடைகளில் அதிகம் கிடைப்பது புரோகாம்பாரஸ் கிளார்க்கி என்னும் சிவப்பு வகை. நீலம், வெள்ளை என்று நிறம் மாற்றி விற்பவற்றிலும் பல இதே இனம்தான். வளர்ந்தால் 10 முதல் 12 செ.மீ. வரும். அதற்கு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 60 லிட்டருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். நீந்தித் திரியும் உயிரல்ல, தரையில் நடப்பது. ஆகவே உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் முக்கியம். ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். இரண்டாவதை விட்டால், முதலில் ஓடு உரிப்பது (வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றும், அப்போது உடம்பு மெத்தென்று இருக்கும்) மற்றதற்கு இரையாகும்.

அடுத்தது மூடி. செட்டோடு வரும் மூடி லேசானது, வயர் போக ஓரத்தில் வெட்டுப் பள்ளம் வேறு. கிரேஃபிஷுக்கு அது திறந்துவிட்ட வாசல். ஏர் டியூபையும் வயரையும் பிடித்து ஏறிவிடும். பள்ளத்தில் ஸ்பாஞ்ச் துண்டை அழுத்தமாகச் செருகி, மூடிமேல் கனம் வையுங்கள். தண்ணீர் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே நிற்கட்டும். தப்பிப்போனாலும் செவுள் ஈரமாக இருக்கும்வரை பல மணி நேரம் பிழைத்திருக்கும். கண்டெடுத்தால் உடனே ஆழத்தில் போடாமல், உடம்பு மூழ்கும் அளவு தண்ணீரில் முதலில் விடுங்கள்.

குட்டி ஃபில்டர் இந்த அழுக்குக்குப் போதாது. கிரேஃபிஷ் தீனியைக் கிழித்துச் சிதறடித்துத் தின்னும். மிச்சம் அழுகி அம்மோனியா ஏறும். ஏர் பம்பில் ஓடும் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் பின்வாங்கிப் பம்புக்குள் போய்விடும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. அதிலுள்ள குளோரின், அம்மோனியாவை உடைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

இதுபோன்ற செட்களில் ‘தண்ணீர் ஊற்றி 24 மணி நேரம் கழித்து கிரேஃபிஷை விடலாம்’ என்ற குறிப்பு சகஜம். ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போகலாம், சில ஊர்க் குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரமின் என்னும் கிருமிநாசினி போகாது. அதற்கு வாட்டர் கண்டிஷனர் வேண்டும். தொட்டி பழக்கப்படவோ, அதாவது நல்ல பாக்டீரியா போதுமான அளவு பெருகவோ, நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும், அது உடைந்து வரும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே கிரேஃபிஷை விடுங்கள். நைட்ரைட்டிலிருந்து வரும் நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 40 பங்கு) இருக்கட்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் அது அடங்கும். வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். செம்பு கலந்த மருந்தும் நத்தைக்கொல்லியும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. மீனுக்கு ஆகும் அளவே இதைக் கொன்றுவிடும்.

வண்ணச் சரளையை அப்படியே ஒதுக்கிவிடலாம். பெரிய கற்களின் இடுக்கில் தீனி மாட்டி அழுகும். மெல்லிய மணல் 3 செ.மீ. கனத்துக்குப் போடுங்கள். தோண்டுவதற்கு மட்டுமல்ல: கிரேஃபிஷ் உடல் சமநிலையை உணர்வது தலையிலுள்ள சிறு உணர்கொம்புகளின் அடியில் உள்ள குழிக்குள் கிடக்கும் மணல் துகள்களால்தான். ஓடு உரிக்கும்போது அவையும் கழன்றுவிடுவதால் புதிதாக மணல் தேவைப்படும். குகை பொம்மை குட்டிக்குச் சரி, வளர்ந்ததற்கு வாய் சிறியது. இரு பக்கமும் திறந்த, 5 செ.மீ. விட்டமுள்ள பிவிசி பைப் துண்டு இதைவிட நூறு மடங்கு மேல், அழகாக இல்லாவிட்டாலும்.

தீனி டப்பா மோசமில்லை. மூழ்கும் உருண்டையா என்று மட்டும் பாருங்கள். சாயங்காலம் ஒன்றிரண்டு போதும், மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இடையிடையே வேகவைத்த பட்டாணி, கேரட் துண்டு, சுத்தமான காய்ந்த இலை. செட்டில் இல்லாத, அவசியமான பொருள் சுண்ணாம்புச் சத்து. ஒரு துண்டு கணவாய் ஓடு போட்டு வையுங்கள்.

இரை எடுக்காமல் ஒளிந்துகொண்டால் ஓடு உரிக்கப்போகிறது என்று கொள்ளலாம். அதற்கு முன்பே வயிற்றில் இரண்டு பொத்தான்போலச் சுண்ணாம்பைச் சேர்த்து வைத்திருக்கும். காலையில் தொட்டியில் ‘செத்துக்கிடப்பது’ பல சமயம் வெறும் கூடுதான்: முதுகுக்கும் வாலுக்கும் இடையே பிளந்து, உள்ளே காலியாக இருக்கும். அதை எடுக்காதீர்கள், திரும்பத் தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் யாரும் தொடக் கூடாது. ஒரு கொடுக்கு உதிர்ந்திருந்தாலும் பயமில்லை, அடுத்தடுத்த உரிப்புகளில் முளைத்துவிடும். மற்ற நாட்களில் பிள்ளைகள் தூக்க ஆசைப்பட்டால், கொடுக்குக்குப் பின்னால் முதுகோட்டின் இரு பக்கமும் பிடிக்கச் சொல்லுங்கள். கையைக் கழுவுவது கட்டாயம்.

துணை இல்லாமலே குட்டி போடும் என்று எதையாவது விற்றால் உஷார். அது பளிங்குக் கிரேஃபிஷ். எல்லாமே பெண், குட்டிகள் தாயின் நகல். 1990களில் ஜெர்மனியின் மீன்தொட்டிகளில்தான் முதலில் கண்ணில் பட்டது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் இதையும் சிவப்பு வகையையும் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்து, வளர்ப்பதையும் விற்பதையும் தடை செய்தது. வாங்குமுன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். ஓடையிலோ குளத்திலோ ஒருபோதும் விடாதீர்கள், தொட்டித் தண்ணீரையும் அங்கே ஊற்றாதீர்கள்.

செட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் பத்து லிட்டர் தொட்டியை எறிய வேண்டாம். பெரிய தொட்டியைக் கழுவும் ஒரு மணி நேரம் கிரேஃபிஷை அதில் வைக்கலாம், மூடிமேல் கனத்தோடு.