டைரக்ட் பேமென்ட்: ஆள் கிடைத்தார், நிம்மதி கிடைக்கவில்லை

லண்டனில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அப்பாவுக்கு ஏஜென்சிக்காரரை விட்டிட்டு டைரக்ட் பேமென்ட் எடுக்கலாமா?" அதாவது, கவுன்சில் (உள்ளூராட்சி) பராமரிப்பு ஏஜென்சி மூலம் ஆள் அனுப்பாமல் பணத்தை எங்களிடமே தரும், ஆளை நாங்களே வேலைக்கு வைக்கலாம். நானே என் அம்மாவுக்காகப் பல வருஷமாக அதைக் கையாளுகிறவள் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஏஜென்சி காலத்தில் காலையில் யார் வருவார் என்றே தெரியாது. வருகிறவர் இங்கிலீஷில் என்ன கேட்டாலும் அம்மா "யெஸ்" என்பார், அத்தோடு சரி. இப்போது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வருகிறார், நாங்களே தேடி வேலைக்கு வைத்தவர். ஒருநாள் முழுக வார்க்கும்போது அம்மாவின் கால் வீங்கியிருந்ததைப் பார்த்து, "எப்ப துவங்கினது அம்மா இது?" என்று கேட்டிருக்கிறார். "பிள்ளை பயந்திடும் எண்டு சொல்லேல்லை" என்றாராம் அம்மா. அன்றைக்கே ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) போனோம். இந்தப் பதிலை அம்மா வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மாற்றுத்திறனாளிகள் போராடி வாங்கிய, டைரக்ட் பேமென்டுக்கு வழிவிட்ட 1996ஆம் ஆண்டுச் சட்டம் 2000இல்தான் 65 வயது தாண்டியவர்களுக்கும் திறந்தது. அதற்காகப் போராடியவர்களுக்கு நான் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த ப்ரீபெய்ட் கார்ட். எனக்குத் தாங்க முடியாதது அதுதான். கவுன்சில் பணம் அதில்தான் வருகிறது, ஒவ்வொரு செலவையும் அவர்கள் பார்க்கலாம். அக்காவுக்கு நாங்கள்தான் முதலாளி. சம்பளச் சீட்டு, இன்ஷூரன்ஸ், வருஷத்துக்கு 5.6 வாரச் சம்பள விடுமுறை எல்லாம் எங்கள் பொறுப்பு. அந்த விடுமுறைக்காகச் சேர்த்து வைத்த பணத்தை 'மிச்சம்' என்று சொல்லித் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் அக்கா ஊருக்குப் போனபோது சம்பளத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். கடிதம் எழுதி, போனில் காத்திருந்து, பாதிதான் திரும்பி வந்தது.

நியாயமாகச் சொன்னால், கவுன்சில் பிறகு பாவனையாளர்களைக் கூப்பிட்டு விதிகளைச் சேர்ந்தே திருத்தியது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு தம்பி, விடுமுறைப் பணத்தைத் தனியாக ஒதுக்க இடம் வேண்டும் என்று வரிவரியாக விளக்கினார். அது புதிய கையேட்டில் அப்படியே இருக்கிறது. அங்கே எங்களோடு உட்கார்ந்திருந்த சமூகப் பணியாளர்களும் மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் நிதிப் பிரிவிலிருந்து யாருமே வரவில்லை. 'மிச்சத்தை'த் திரும்ப எடுக்கும் கடிதம் அனுப்புகிறவர்கள் அவர்கள். பழைய கடிதமே இந்த மாதமும் வந்திருக்கிறது. ஆளைக் கூப்பிட்டுப் பேசவைத்துவிட்டு, பணத்தைப் பிடிக்கிறவரை அந்த மேசைக்குக் கொண்டுவராமல் விட்டால் அதற்குப் பெயர் கூட்டு வேலையா?

அக்காவை நான் எதற்காகவும் விடமாட்டேன். ஆனால் இன்றைக்குக் கேட்டால், எடுக்காதே என்றுதான் சொல்லுவேன். கட்டாயம் எடுப்பதென்றால் தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் கேள். கார்டை மட்டுமே ஒரே வழியாக வைக்கக் கூடாது என்று 2014ஆம் ஆண்டு கேர் ஆக்ட்டின் (இங்கிலாந்தின் பராமரிப்புச் சட்டம்) வழிகாட்டியே சொல்கிறது. கவுன்சிலில் யாரும் அதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.