ஸ்பெக்ட்ரம் 48கே: யாழ்ப்பாணக் கடைகளில் கிடைப்பதும் கிடைக்காததும்

1982இல் பிரித்தானியாவில் வெளிவந்த சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே என்ற வீட்டுக் கணினி ஒன்றை உயிர்ப்பிக்க முழுச் சாமானையும் வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கத் தேவையில்லை. அடிக்கடி பழுதாகிறவை கப்பாசிற்றர், ரெகுலேற்றர் (மின்னழுத்தத்தை 5 வோல்ற்றில் நிறுத்தும் 7805), ஒரு ரான்சிஸ்ரர், சில மெமரி சிப், விசைப்பலகை மெம்பிரேன் (விசைகளுக்கு அடியில் உள்ள மெல்லிய தொடுகைத் தாள்) ஆகியவைதான். முதல் இரண்டுக்கும் கஸ்தூரியார் வீதி, ஸ்டான்லி வீதிப் பக்கத்து ரேடியோ, ரீவி உதிரிப்பாகக் கடைகள் போதும். மூன்றாவதற்குக் கொழும்பு. கடைசி இரண்டுக்கும் கடல் தாண்டத்தான் வேண்டும்.

கடையில் கேட்கிற விதத்தில் பாதி காரியம் இருக்கிறது. "ஸ்பெக்ட்ரம் கொம்பியூட்டருக்குச் சாமான் இருக்கோ அண்ணை?" என்றால் "அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி" என்பதுதான் பதில். "22 மைக்ரோபரட், 25 வோல்ற் கப்பாசிற்றர் பத்து, 7805 ரெண்டு" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் மேசைக்கு வரும். சுற்றுவரைபடத்தில் இருந்து பெறுமானங்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய போர்டையே பையில் கொண்டுபோய்க் காட்டுவதால் பெரிய பயன் இல்லை.

கப்பாசிற்றர் விசயத்தில் இந்தக் கடைகளுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. ஸ்பெக்ட்ரத்தில் இருப்பவை இரண்டு முனையிலும் ஒவ்வொரு கால் உள்ள படுக்கை வகை. இங்கே கிடைப்பதெல்லாம் ஒரே பக்கம் இரு காலும் உள்ள நிற்கும் வகை. மின்சாரக் கணக்கில் வித்தியாசம் இல்லை. ஒரு காலை மடக்கி, ஸ்லீவ் போட்டு, படுக்கவைத்து ஈயம் பிடிக்கலாம். நிமிர்த்தி வைத்தால் விசைப்பலகை மூடி இறங்காது. இரண்டாவது, இராக்கையில் பல வருடம் கிடந்த சரக்கு. எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர் பாவிக்காமல் கிடந்தாலும் கெடும். விற்பனை குறைந்த 1 மைக்ரோபரட், 4.7 மைக்ரோபரட் வகைகளில்தான் இது கூட. கப்பாசிற்றரின் உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீற்றர் அல்லது மலிவான கொம்போனன்ற் ரெஸ்ரர் ஒன்றைக் கொண்டுபோய் கடையிலேயே அளந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது.

மாற்றும்போது போர்டில் அச்சடித்த பிளஸ் குறியை மட்டும் நம்பவேண்டாம். மைனஸ் 5 வோல்ற் பாதையில் உள்ள கப்பாசிற்றருக்குப் பிளஸ் கால் தரைக்குத்தான் (கிரவுண்ட், 0 வோல்ற்) போகவேண்டும். கழற்றமுதல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7805 எங்கும் கிடைக்கும், போலியும் அதே அளவுக்குக் கிடைக்கும். போர்டில் போடமுதல் வெளியே சோதியுங்கள். ஹீற்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) பூட்டி 9 வோல்ற் கொடுத்து, வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையில் 4.7 ஓம், 10 வாட் தடை ஒன்றை வையுங்கள். ஒரு அம்பியருக்குச் சற்று மேல் ஓடும். ஐந்து நிமிடம் கழித்தும் 4.8க்கும் 5.2க்கும் இடையில் நின்றால் நல்லது. 4.5க்கு இறங்கினால் குப்பை. வெப்பம் பெரிய தொல்லையாக இருந்தால் அதே மூன்று கால் அளவில் வரும் சுவிச்சிங் ரெகுலேற்றர் போடலாம். ஆர்டுயினோ போன்ற பொழுதுபோக்கு எலெக்ட்ரோனிக்ஸ் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப்பாருங்கள். குறைந்தது 1 அம்பியர் தருவதாக இருக்கவேண்டும்.

பவர் அடாப்டர்தான் இங்கே அதிகம் மெசின் கொல்கிற சாமான். ஸ்பெக்ட்ரத்துக்கு வேண்டியது 9 வோல்ற், 1.4 அம்பியர், நடுமுனை மைனஸ். கடைகளில் குவிந்து கிடக்கும் ரவுட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். முளை அதே அளவுதான், இறுகப் பொருந்தும், செருகிய கணத்திலேயே நட்டம். எவ்வளவு கேட்டாலும் கடைக்காரர் "இது 9 வோல்ற்தான், ஓடும்" என்றுதான் சொல்லுவார். வோல்ற் பற்றி அவர் சொல்வது உண்மை, முனை பற்றி யாரும் கேட்பதில்லை. அடாப்டரின் ஒட்டுத்தாளில் உள்ள வட்டக் குறியைப் பாருங்கள், பிறகு மீற்றரிலும் பாருங்கள். இசைக்கருவிக் கடைகளில் கிற்றார் பெடலுக்கு விற்கும் 9 வோல்ற் அடாப்டர் நடுமுனை மைனஸாகவே வரும், 1.5 அம்பியருக்குக் குறையாததாக எடுத்தால் அதுவே சரியான தெரிவு. பழைய மூல அடாப்டர் சுமை இல்லாதபோது 9க்கு நன்றாக மேலே நிற்கும், அந்த மேலதிகம் எல்லாம் 7805இல் சூடாகத்தான் போகும். புது அடாப்டர் 9இலேயே நிற்பதால் ரெகுலேற்றருக்கும் ஆறுதல்.

இனி ரான்சிஸ்ரர். டிஆர்4 என்று குறித்த இசட்டிஎக்ஸ் 650, உள்ளே 12 வோல்ற்றையும் மைனஸ் 5 வோல்ற்றையும் உண்டாக்கும் பகுதியின் முக்கிய உறுப்பு. பவர் இருக்கும்போது பின்பக்க எட்ஜ் கனெக்டரில் (போர்டின் விளிம்பில் உள்ள இணைப்பு) எதையாவது செருகினாலோ ஆட்டினாலோ முதலில் போவது இதுதான். யாழ்ப்பாணக் கடைகளில் கேட்டால் "அதுக்குப் பதில்" என்று பிசி 547 நீட்டுவார்கள். வாங்கவேண்டாம். அது 100 மில்லியம்பியர் தாங்கும், இங்கே தேவை 2 அம்பியர் தாங்கும் ஒன்று. இசட்டிஎக்ஸ் 651 சரியான மாற்று. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் தொலைபேசியில் விசாரித்து, இருந்தால் பஸ் பார்சலில் எடுப்பிக்கலாம். வேறு இலக்கம் போட்டால் கால் வரிசையைத் தரவுத்தாளில் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரிசை.

மெமரிக்குப் போகமுதல் மீற்றர். 48கே மெமரி கீழ் 16கே, மேல் 32கே என இரண்டு பகுதி. கீழ் 16கே மெமரி எட்டுச் சிப், ஐசி 6 முதல் 13 வரை, 4116 வகை. முதலாம் காலில் மைனஸ் 5, எட்டாம் காலில் 12, ஒன்பதாம் காலில் 5, பதினாறாம் கால் தரை. மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அந்த நிலையில் 4116 சாகும், புதிதாகப் போட்டதும் சாகும். டிஆர்4 சரியாகும் வரை ஒரு மெமரி சிப்பும் வாங்கவேண்டாம்.

4116 இங்கே இல்லை, கொழும்பிலும் எதிர்பார்க்க வேண்டாம். இணையத்தில் வாங்கினால் மேல்தட்டைச் சுரண்டிப் புது இலக்கம் அடித்தவை கலந்து வரும்; அசிற்றோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் சாயம் கழரும். "4164 ரெண்டு கிடக்கு, அதைப் போடுவம்" என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். 4164 வேறு வகை மெமரி சிப், அதன் எட்டாம் கால் 5 வோல்ற் எதிர்பார்க்கிறது, போர்டில் இந்த இடத்தில் அங்கே 12 நிற்கிறது.

மேல் 32கே வேறு கதை. அங்கே சின்கிளேர் போட்டது டிஎம்எஸ் 4532 போன்ற, ஒரு பாதி பழுதான 64 கிலோபிற் சிப்கள். எந்தப் பாதி நல்லது என்பதை 3, 4 என்ற பின்னொட்டு சொல்லும், எட்டும் ஒரே வகையாக இருக்கவேண்டும். இந்த இடத்தில் முழு 4164 நன்றாக வேலை செய்யும். எண்பதுகளின் ஐபிஎம் எக்ஸ்ரி வகைக் கணினிப் போர்டுகளில் அவை இருக்கும், பழைய இரும்புக் கடைகளில் அப்படி ஒரு போர்ட் கண்டால் விடவேண்டாம். மேல் மெமரி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. பேசிக் மொழியில் பிரிண்ட் பீக் 23732 + 256 பெருக்கல் பீக் 23733 என்று அடியுங்கள். 65535 வந்தால் 48கேயும் இருக்கிறது. 32767 வந்தால் மெசின் தன்னை 16கே என்று நினைக்கிறது.

சிப் கழற்றக் கைத்தேர்ச்சி வேண்டும், அதற்கு யாரிடம் கொடுப்பது என்பது பெரிய கேள்வி. போன் திருத்துகிற இளம் பிள்ளைகளுக்கு நுண்ணிய வேலையில் கை நேர்த்தி, ஆனால் முதலில் எடுப்பது சூட்டுக்காற்று. இந்தப் போர்டின் செப்புப் பட்டைகள் அதற்குத் தாங்காமல் கிளம்பும். குழாய் ரீவி திருத்திய பழைய ஆட்கள்தான் பொருத்தம். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத ஊரில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாடவைத்த தலைமுறை அது, பொறுமைக்குக் குறைவில்லை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்: "சிப் செத்தது, அதைக் காப்பாற்ற வேண்டாம், போர்ட்தான் முக்கியம்." பிறகு அவர் பதினாறு காலையும் கட்டரால் நறுக்கி, ஒவ்வொன்றாக உருவி, ஓட்டையைப் பம்பால் துப்பரவு செய்து, சிப்பைச் செருகும் சொக்கற் வைப்பார். சொக்கற்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

போன் சாமான் கடைகளையும் ஒதுக்க முடியாது. ஃபிளக்ஸ், ஈயம் உறிஞ்சும் செப்புப் பின்னல், 99 வீத ஐசோபுறோப்பைல் அல்ககோல் எல்லாம் அங்கேதான். பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் தண்ணீர் கலந்திருக்கும். கடற்காற்றில் எட்ஜ் கனெக்டர் பச்சை பிடித்திருந்தால் இந்த அல்ககோலும் வெள்ளை அழிறப்பரும் போதும்.

மெம்பிரேன் காய்ந்து வெடிக்கும், ஒட்டி மீட்க முடியாது. புதிதாகச் செய்தவை இங்கிலாந்தில் விற்கிறார்கள். லண்டனில் இருந்து வருகிறவரிடம் சொல்லி எடுப்பியுங்கள், ஆனால் சுருட்டவோ மடிக்கவோ கூடாது. ஒரு தடித்த புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். போடும்போது உலோக மேல்தகட்டை நெம்பிக் கழற்றினால் வளையும், முடி உலர்த்தியால் பசையை இளக்கிவிட்டு மெதுவாக எடுங்கள். ஐந்து இழை, எட்டு இழை என இரண்டு வால். இரண்டையும் நேராக இறக்குங்கள், சரித்துத் தள்ளினால் புதியதும் வெடிக்கும்.