வருடா வருடம் ஊசியா, மூன்று வருடத்துக்கு ஒன்றா, ரத்தப் பரிசோதனையா?

நாய்க்கு ஊசி போடும்போது மருத்துவரின் கையைக் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டு சின்னக் குப்பிகள் இருக்கும். ஒன்றின் அடியில் வெள்ளை வில்லை மாதிரி உலர்ந்த மருந்து, இன்னொன்றில் திரவம். திரவத்தை உறிஞ்சி வில்லையில் விட்டு, கரைந்ததும் ஒரே ஊசியாகப் போட்டுவிடுவார். வருடா வருடமா, மூன்று வருடத்துக்கு ஒரு முறையா என்ற சண்டை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது.

வில்லையில் இருப்பவை டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ ஆகிய வைரஸ்கள், வீரியம் குறைத்து உயிரோடு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குட்டியிடம் இருக்கும்வரை ஊசி பிடிக்காமல் போகலாம். அதனால்தான் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு மேல் ஒரு பூஸ்டர். அதன்பின் மூன்று வருடம் கவலையில்லை. திரவத்தில் பல பிராண்டுகளில் இருப்பது எலிக்காய்ச்சலுக்கானது. செத்த பாக்டீரியா என்பதால் ஒரு வருடத்துக்கு மேல் அதை நம்பக்கூடாது. எலிக்காய்ச்சல் உள்ள ஊர் என்றால் திரவத்தை மட்டும் வருடா வருடம் போடச் சொல்லுங்கள். என் ஓட்டு இதற்குத்தான். வெறிநோய் ஊசியில் பேரமே வேண்டாம், சட்டமும் மருந்து லேபிளும் சொல்கிற தேதிதான்.

ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், இருக்கிறதா என்று பார்ப்பது வில்லையில் உள்ள மூன்றுக்கும் சரி, எலிக்காய்ச்சலுக்கு உதவாது. தடுப்பூசி அட்டை இல்லாமல் வந்து சேர்ந்த நாய், போன ஊசிக்கு முகம் வீங்கிய நாய், இவற்றுக்குச் செய்யலாம். மற்றபடி அந்தச் செலவுக்கு எனக்கு மனம் வராது.

பூனைக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். பூனைகளைக் கொல்லும் வைரஸ் நோயான பான்லூகோபீனியாவுக்கான ஊசி, நாயின் பார்வோ ஊசி போலவே உறுதியானது. சளி, தும்மல் தரும் ஹெர்பிஸ், கலிசி வைரஸ்களுக்கான ஊசிகள் நோயை மட்டுப்படுத்துமே தவிர முழுதாகத் தடுக்காது. வீட்டுக்குள்ளேயே தனியாக இருக்கும் பூனைக்கு மூன்று வருட இடைவெளி போதும். விடுதியில் விட்டுச் செல்கிறவர்கள் வருடா வருடம் போடுவது நல்லது. அரிதாக ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு. அதனால் பிடரியை விட்டுக் காலின் கீழ்ப்பகுதியில் போடச் சொல்லலாம்.

முயலுக்கு இந்த வாதமே கிடையாது. தடுப்பூசி கிடைக்கும் இடங்களில் வருடம் ஒரு முறைதான். வீட்டுக்குள் வளர்ப்பதால் தப்பிவிடும் என்பதும் இல்லை. மிக்சோமாடோசிஸ் என்ற கொடிய வைரஸ் நோய் கொசுவிலும் தெள்ளுப்பூச்சியிலும் வரும். முயல் ரத்தக்கசிவு நோய் செருப்பில், புல்லில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த நோயின் இரண்டாம் வகை 2010-இல் பிரான்சில் தலைகாட்டியது. முதல் வகைக்கான பழைய ஊசி அதைச் சரியாகத் தடுக்காது. குப்பியின் லேபிளில் இரண்டாம் வகையின் பெயரும் இருக்கிறதா என்று ஊசி ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.