தங்கமா, யுரேனியமா? ஹோல்ரௌம் சுவர் பற்றி

லேசரால் அணு இணைவை உண்டாக்கும்போது எரிபொருளைச் சுற்றி இருக்கும் உலோகக் குழல்தான் ஹோல்ரௌம். படிக்கும்போது ஒரு ப்ராஜெக்டுக்காக அதன் ஆற்றல் வரவு செலவைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். சுவருக்குத் தங்கமா, செறிவிழந்த யுரேனியமா (யுரேனியம்-235 பெரும்பாலும் பிரித்தெடுக்கப்பட்டது) என்பதுதான் முதல் கேள்வி. யுரேனியத்தை எடுத்தேன். இன்றும் அந்தப் பக்கம்தான்.

கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பயன்படும் ஹோல்ரௌம், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள உலோகக் குழல். இரு முனை ஓட்டைகள் வழியாக 192 லேசர் கற்றைகள் நுழைந்து உட்சுவரில் விழும். சூடான சுவர் உமிழும் எக்ஸ் கதிர்தான் நடுவிலுள்ள 2 மில்லிமீட்டர் எரிபொருள் உருண்டையை நசுக்குகிறது. குழலுக்குள்ளே சுமார் 30 லட்சம் டிகிரி.

லேசரை எக்ஸ் கதிராக மாற்றுவதில் இரண்டு உலோகமும் கெட்டி. வந்த கதிரை உள்ளேயே வைத்திருப்பதில்தான் வித்தியாசம். சுவர் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புவதில்லை. விழுங்கிச் சூடாகி, மறுபடி உமிழ்கிறது. வெப்பம் சில மைக்ரான் ஆழத்துக்கு ஊர்ந்துகொண்டே போகும், போனது போனதுதான். தங்கத்தில் சில அலைநீளங்களுக்கு ஒளிபுகாமை, அதாவது கதிரைத் தடுக்கும் தன்மை, குறைவு. ஓடு விலகிய கூரை மாதிரி, கதிர் அந்த வழியே ஆழமாக இறங்கிவிடும். யுரேனியத்தில் அந்த இடங்கள் ஓரளவு அடைபட்டிருக்கின்றன.

உதாரணத்துக்கு, சுவரில் விழும் 100 பங்கில் 85 திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 88 ஆனால் ஏதோ மூன்று பங்கு லாபம் போலத்தான் தெரியும். ஆனால் சுவர் குடிப்பது 15-லிருந்து 12 ஆகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். என் வரைபடத்தில் வெப்பநிலைக் கோடு கொஞ்சம்தான் உயர்ந்தது, இதற்கா இவ்வளவு பாடு என்று இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: உருண்டை மேல் விழும் கதிர் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். வெப்பநிலை 2 சதவீதம் கூடினால் கதிர் 8 சதவீதம் கூடும்.

பராமரிப்பில் தங்கம்தான் ஜெயிக்கும், அது கறுக்காது. யுரேனியம் காற்றுப் பட்டால் ஆக்சைடாகிவிடும் என்பதால் உட்புறத்தில் மெல்லிய தங்கப் பூச்சு போடுகிறார்கள். யுரேனியத்தைக் கடைந்தெடுக்கும் சிரமத்தைப் பற்றி நான் பேசக்கூடாது. என் வேலை திரையோடு சரி.

2022 டிசம்பர் 5 அன்று அதே லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் கிடைத்தது. அதில் இருந்ததும் தங்கம் பூசிய யுரேனியச் சுவர்தான். முழுப் புகழையும் சுவருக்கே கொடுத்துவிட முடியாது. முந்தைய முயற்சிகளைவிட லேசர் ஆற்றலையும் கூட்டி, உருண்டையின் வைர உறையையும் தடிப்பாக்கியிருந்தார்கள்.